மனிதரை ஏற்றிச் செல்லும் நிலவுத் தரையிறங்கி

மனிதரை ஏற்றிச் செல்லும் நிலவுத் தரையிறங்கி என்பது, நிலவைச் சுற்றிவரும் பாதையிலிருந்து விண்வெளி வீரர்களை அதன் தரைக்கு இறக்கி, அங்கே அவர்களைத் தங்கவைத்து, மீண்டும் சுற்றுப்பாதைக்கு ஏற்றிக் கொண்டுவரும் விண்கலம் ஆகும். 1969 முதல் 1972 வரை ஐக்கிய அமெரிக்காவின் அப்பல்லோ திட்டத்தில் இத்தகைய கலங்கள் ஆறு முறை நிலவில் இறங்கின. அவற்றில் சென்ற பன்னிருவரும் உயிருடன் திரும்பினர். சோவியத் ஒன்றியம் வடிவமைத்த எல்கே என்னும் கலம் புவிச் சுற்றுப்பாதையில் ஆளின்றிச் சோதிக்கப்பட்டதோடு நின்றுவிட்டது.

இந்தியாவின் விக்ரம் தரையிறங்கி ஆளற்றது. எனினும் இறங்குதலைப் பொறுத்தவரை அது எதிர்கொண்ட இடர்கள் பெரும்பாலும் அப்பல்லோ கலம் எதிர்கொண்டவையே. 2040 ஆம் ஆண்டுக்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்புவது என்னும் இலக்கு 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஆகவே இக்கட்டுரையில் இரண்டு கலங்களும் அருகருகே வைத்து விளக்கப்படுகின்றன. விக்ரம் எதைச் செய்து காட்டியது, மனிதர் ஏறும் கலத்துக்கு இன்னும் என்ன வேண்டும் என்பது அப்போது தெளிவாகும்.

தனிக் கலம் ஏன்?

தொடக்கத்தில் பலரும் எண்ணியது, ஒரே பெரிய விண்கலம் நேராக நிலவில் இறங்கி, அப்படியே எழுந்து புவிக்குத் திரும்பும் என்பதே. இம்முறையில் புவிக்குள் நுழையத் தேவையான வெப்பக் கவசம், வான்குடைகள், திரும்பும் பயணத்துக்கான எரிபொருள் ஆகிய அனைத்தையும் நிலவின் தரைவரை இறக்கி, பின்பு தூக்க வேண்டும். நிலவில் ஒரு பயனும் இல்லாத பொருட்களை அங்கே கொண்டுபோய்க் கொண்டுவருவது வீண் சுமை. நாசாவின் பொறியாளர் ஜான் ஊபோல்ட் இதை விடாமல் எடுத்துரைத்தார். தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒரு சிறு கலம் மட்டும் இறங்கி ஏறி அதனுடன் இணையும் முறையை அவர் வலியுறுத்தினார். 1962 சூலையில் நாசா இம்முறையை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் சிறு கலத்தைக் கட்டும் பணி குரும்மன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

இந்த முடிவின் விளைவாகவே, வளிமண்டலத்தில் ஒருபோதும் பறக்கத் தேவையில்லாத முதல் ஆளேறு விண்கலம் பிறந்தது. காற்றைக் கிழித்துச் செல்லும் கூர்வடிவம் அதற்கு வேண்டியதில்லை. சிலந்தியை ஒத்த கால்களும், ஒழுங்கற்ற முகமும், மெல்லிய தகட்டுப் போர்வையும் கொண்ட அதன் தோற்றத்தைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. ஆனால் அதன் ஒவ்வொரு கோணமும் எடைக்கணக்கில் பிறந்தது.

காற்றில்லாத இடத்தில் இறங்குதல்

புவிக்குத் திரும்பும் கலத்தின் வேகத்தைப் பெரும்பாலும் காற்றே குறைத்துவிடுகிறது. நிலவில் காற்று இல்லை என்பதால் வான்குடை பயன்படாது. சுற்றுப்பாதையில் நொடிக்கு ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கலத்தின் வேகம் முழுவதையும் பொறியின் உந்துவிசையாலேயே அழிக்க வேண்டும். சந்திரயான்-3 திட்டத்தில் விக்ரம் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இப்பணியைத் தொடங்கி, 19 நிமிடங்கள் அளவில் தரையைத் தொட்டது. அப்பல்லோ கலம் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி 12 நிமிடங்கள் அளவில் இறங்கியது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தொடக்கத்தில் கலம் எரிபொருளால் கனத்திருக்கும். வேகத்தைக் குறைக்கப் பேருந்துவிசை வேண்டும். இறங்கி முடியும் தருவாயில் எரிபொருளில் பெரும்பகுதி தீர்ந்து கலம் இலேசாகியிருக்கும். அப்போதும் பொறி முழு விசையில் இயங்கினால் கலம் இறங்காது, மேலே ஏறிவிடும். அப்பல்லோ கலம் சுமார் 15 டன் நிறையுடன் புறப்பட்டு, தரையை அணுகும்போது சுமார் 7 டன் ஆகிவிடும். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 1.62 மீட்டர்; எனவே 7 டன் கலத்தை அந்தரத்தில் நிறுத்த ஏறத்தாழ 11,300 நியூட்டன் விசை போதும். அதன் இறங்கு பொறியின் முழு விசையோ 45,000 நியூட்டன். அதாவது நான்கில் ஒரு பங்கு அளவுக்கு விசையைத் தணித்து, அந்த நிலையில் சீராக எரியவும் வேண்டும்.

அக்காலத்து ஏவூர்திப் பொறிகள் பொதுவாக ஒரே விசையில் எரிபவை. விசையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பொறியை டிஆர்டபிள்யூ நிறுவனம் உருவாக்கியது. எரிபொருளும் ஆக்சிசனேற்றியும் உட்புகும் வழியை நகரும் பகுதி ஒன்றினால் சுருக்கி விரிக்கும் அமைப்பு இதில் இருந்தது. ஆயினும் 65 முதல் 92 விழுக்காடு வரையிலான விசையில் பொறியின் கழுத்துப் பகுதி மிகையாக அரிக்கப்பட்டதால், அந்த இடைநிலையில் அதனை இயக்குவது தவிர்க்கப்பட்டது.

விக்ரமுக்கு இதே தேவை சிறிய அளவில் ஏற்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு மையம் (இஸ்ரோ) ஒரு பெரிய பொறிக்கு மாறாக, ஒவ்வொன்றும் 800 நியூட்டன் விசை தரும், கூட்டிக் குறைக்கக்கூடிய சிறு பொறிகளைத் தேர்ந்தது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்தில் இவ்வகைப் பொறிகள் எரித்துச் சோதிக்கப்பட்டன. சந்திரயான்-3 கலத்தில் நான்கு பொறிகள் இருந்தன. நான்கும் முழு விசையில் 3,200 நியூட்டன் தரும். 1,750 கிலோகிராம் கலத்தின் நிலவு எடையைக் காட்டிலும் இது சற்றே கூடுதல். இறுதிக் கட்டத்தில் இரண்டு பொறிகளே இயங்கின.

2019 இன் பாடம்

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 இன் தரையிறங்கி நிலவில் மோதிச் சிதைந்தது. அதன் சிதறல்களைக் கண்டறிய, நாசா வெளியிட்ட ஒளிப்படங்களை ஆராய்ந்த சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் உதவினார் என்பதை நாசாவே அவர் பெயரைச் சுட்டி அறிவித்தது.

தோல்விக்கான காரணங்களை அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் 2023 இல் விளக்கினார். ஐந்து பொறிகளும் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகையான விசையைத் தந்தன. அதனால் உண்டான பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு இடப்பட்டிருந்தது. இறங்கும் இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்னும் சிறு சதுரம். அந்த இடத்தை எட்டும் முயற்சியில் கலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் பெரும்பிழை அன்று.

இதன்பின் வடிவமைப்பின் நோக்கே மாறியது. எல்லாம் சரியாக நடந்தால் கலம் எப்படி இறங்கும் என்று பார்ப்பதற்கு மாறாக, எவையெல்லாம் பழுதானாலும் அது இறங்க வேண்டும் என்று பார்க்கப்பட்டது. இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆக விரிந்தது. எரிபொருள் கூட்டப்பட்டது. நடுவிலிருந்த ஐந்தாவது பொறி நீக்கப்பட்டது. தரையை ஒப்பிட்டு வேகத்தை அளக்கும் லேசர் கருவி ஒன்று சேர்க்கப்பட்டது. கால்கள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்துக்கு மாறாக 3 மீட்டர் வேக மோதலையும் தாங்குமாறு வலுவூட்டப்பட்டன. உணரிகளை உலங்கு வானூர்தியில் பொருத்தியும், பொறிகளுடன் கூடிய அமைப்பைக் கோபுரப் பாரந்தூக்கியில் தொங்கவிட்டும் சோதித்தனர். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகத்து 23 மாலை 6.04 மணிக்கு நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே, 69 பாகை தென் அகலாங்கில் இறங்கியது.

ஆளேறு கலங்களின் வடிவமைப்பாளர்களுக்கு இந்நோக்கு புதிதன்று. அவர்கள் வேறு வழியின்றித் தொடக்கம் முதலே அவ்வாறு சிந்தித்தவர்கள். அப்பல்லோ கலம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பழுது ஏற்பட்டால், கீழ்ப்பகுதியை உதறிவிட்டு மேல்பகுதியின் பொறியை மூட்டிச் சுற்றுப்பாதைக்குத் திரும்பலாம். தரைக்கு மிக அருகில் வேகமாக இறங்கும் சில நொடிகளில் மட்டும் இது பயன் தராது. முதன்மைக் கணினியும் வழிகாட்டும் கருவியும் செயலிழந்தால் திரும்புவதற்கென்றே முற்றிலும் தனியான இன்னொரு வழிகாட்டும் அமைப்பு இருந்தது. விக்ரமுக்குத் திரும்பும் வழி இல்லை. அதற்கு அது தேவையும் இல்லை.

கண்ணும் கணினியும்

புவியிலிருந்து அனுப்பும் வானொலிச் செய்தி நிலவை அடைய ஏறத்தாழ 1.3 நொடி ஆகிறது. ஆகவே இறங்கும் கலத்தைப் புவியிலிருந்து ஓட்ட முடியாது. விக்ரம் தன் ஒளிப்படக்கருவிகளால் தரையைப் பார்த்து, பாறையும் பள்ளமும் இல்லாத இடத்தைத் தானே தேர்ந்தது. அப்பல்லோவில் இவ்வேலையை வீரரின் கண் செய்தது. அவர் முன்னிருந்த முக்கோணச் சாளரத்தில் அளவுக்கோடுகள் பொறிக்கப்பட்டிருந்தன. கணினி சொல்லும் எண்ணுக்குரிய கோட்டின் வழியே பார்த்தால், கலம் இறங்கவிருக்கும் இடம் தெரியும். அப்பல்லோ 11 இல் நீல் ஆம்சுட்ராங் அவ்வாறு பார்த்தபோது பெரும்பாறைகள் நிறைந்த பள்ளம் தெரிந்தது. அவர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்து அப்பால் கடந்து சென்று இறக்கினார். எஞ்சிய எரிபொருள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கே போதுமானது.

அதே இறக்கத்தில் கணினிக்கு வேலைப்பளு மிகுந்து எச்சரிக்கை எழுந்தது. முதன்மையற்ற பணிகளை ஒதுக்கிவிட்டு இன்றியமையாதவற்றைத் தொடருமாறு மென்பொருள் எழுதப்பட்டிருந்ததால் இறக்கம் கைவிடப்படவில்லை.

எடைக் கணக்கு

மேல்பகுதியில் ஒரு கிலோகிராம் கூடுவதாகக் கொள்வோம். அதனை நிலவுத் தரையிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏற்றச் சுமார் 0.8 கிலோகிராம் எரிபொருளும் ஆக்சிசனேற்றியும் வேண்டும். இந்த 1.8 கிலோகிராமையும் முதலில் தரைக்கு இறக்க, ஏறத்தாழ அதே அளவு இன்னும் வேண்டும். ஆக, ஒரு கிலோகிராம் பொருள் கலத்தின் மொத்த நிறையில் சுமார் 3.6 கிலோகிராமாக விரிகிறது. அதையும் புவியிலிருந்து நிலவுவரை சேர்க்கும் ஏவூர்தியின் சுமையை இதில் சேர்க்கவில்லை.

குரும்மனின் தலைமைப் பொறியாளர் தாமசு கெல்லியின் குழு இக்கணக்கோடு பல ஆண்டுகள் போராடியது. தொடக்க வரைபடங்களில் உலங்கு வானூர்தியில் உள்ளவை போன்ற பெரிய சாளரங்களும் இருக்கைகளும் இருந்தன. சாளரக் கண்ணாடி கனமானது. நிலவின் ஈர்ப்பு புவியின் ஆறில் ஒரு பங்கே என்பதால் வீரர்கள் நின்றுகொண்டே ஓட்டலாம் என்ற எண்ணம் வந்ததும் இருக்கைகள் நீக்கப்பட்டன. நிற்பவர் சாளரத்துக்கு மிக அருகில் வரலாம். அருகில் வந்தால் சிறிய சாளரமே போதும். ஒரு நாற்காலியை எடுத்ததால் கண்ணாடியின் எடையும் போயிற்று.

காற்றழுத்த அறையின் சுவர் சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிக்கப்பட்டது; கட்டுமானத்தின்போது திருப்புளி கைதவறி விழுந்தால் துளை விழும் நிலை. இத்தகைய சுவர் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே நாம் சுவாசிக்கும் காற்று நிரப்பப்படவில்லை. புவியின் வளியழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிசன் நிரப்பப்பட்டது. அழுத்தம் குறைந்தால் சுவரும் மெலியலாம். இருவர் நடமாடக் கிடைத்த இடம் 4.5 கன மீட்டர் மட்டுமே. வெளியேறும் வாயில் முதலில் வட்டமாக வரையப்பட்டிருந்தது. முதுகில் உயிர்காப்புப் பெட்டியைச் சுமந்தவர் அதில் நுழைய இயலாது என்று மாதிரியில் தெரிந்தபின் சதுரமாக்கப்பட்டது.

கால்களும் மண்ணும்

அப்பல்லோ கலத்தின் நான்கு கால்களுக்குள் தேன்கூட்டு வடிவ அலுமினியம் இருந்தது. மோதலின்போது அது நசுங்கி அதிர்வை விழுங்கும். ஒரே முறைதான் பயன்படும். ஆனால் ஒரே முறைதானே இறங்கப்போகிறது! ஆம்சுட்ராங் மிக மென்மையாக இறக்கியதால் அது எதிர்பார்த்த அளவு அமுங்கவில்லை. ஏணியின் கடைசிப் படிக்கும் தரைக்கும் ஒரு மீட்டர் அளவு இடைவெளி நின்றுவிட்டது. இதற்கு மாறாக அப்பல்லோ 15 ஒரு சிறு பள்ளத்தின் விளிம்பில் இறங்கி, சுமார் 11 பாகை சாய்ந்து நின்றது. இறங்கு பொறியின் வாய்ப்பகுதி தரையில் பட்டு நசுங்கியது. மேலெழும் பொறி வேறாக இருந்ததால் வீரர்கள் திரும்புவதில் சிக்கல் ஏற்படவில்லை.

விக்ரமின் கால்களும் ஊர்தியின் சக்கரங்களும் நிலவு மண்ணைப் போன்ற மண்ணில் சோதிக்கப்பட வேண்டியிருந்தன. நிலவின் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட்டு என்னும் வெண்ணிறப் பாறையால் ஆனவை. இவ்வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் உண்டு. அதனை வேண்டிய நுண்மைக்கு அரைத்துப் பல டன் போலி நிலவு மண் உருவாக்கப்பட்டு, பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் சோதனைக் கூடத்தில் பரப்பப்பட்டது. சேலம், பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர்களும் இப்பணியில் பங்குகொண்டனர். மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020 இல் காப்புரிமை பெற்றது. நாமக்கல்லுக்கும் பெங்களூருக்கும் இடையே சேலம், கிருட்டிணகிரி, குந்தாரப்பள்ளி, சூளகிரி, ஒசூர் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இல் பயணம் செய்வோர், இதன் ஒரு முனையில் நிலவின் கல்லும் மறுமுனையில் நிலவின் களமும் இருப்பதை அறிந்திருப்பது அரிது. பின்பு பிரக்யான் ஊர்தி நிலவில் ஆராய்ந்த மண்ணும் இப்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே அமைந்தது.

விக்ரம் இறங்கியபோது ஏறத்தாழ 2 டன் மண் கிளம்பிச் சுற்றிலும் படிந்ததாகப் பின்னர் கணிக்கப்பட்டது. இதைவிடப் பன்மடங்கு கனமான ஆளேறு கலத்தில் புழுதி சாளரத்தையே மறைத்துவிடும். அப்பல்லோ 12, 15 ஆகியவற்றின் வீரர்கள் கடைசிக் கட்டத்தில் தரையைக் காண இடர்ப்பட்டனர். கால்களுக்குக் கீழே நீட்டப்பட்ட 1.7 மீட்டர் உணர்கோல்கள் தரையைத் தொட்டதும் உள்ளே விளக்கு எரியும். அதைக் கண்டு பொறி நிறுத்தப்படும்.

மேலெழும் பொறி

ஆளேறு தரையிறங்கியை மற்ற எல்லாத் தரையிறங்கிகளிலிருந்தும் பிரிப்பது இப்பகுதியே. அப்பல்லோ கலத்தின் மேல்பகுதியில் சுமார் 16,000 நியூட்டன் விசை தரும் ஒரே ஒரு பொறி இருந்தது. அதற்கு மாற்று இல்லை. அது எரியவில்லையெனில் இருவரும் நிலவிலேயே இருக்க வேண்டியதுதான்; சுற்றுப்பாதையிலுள்ள மூன்றாமவர் தனியே திரும்புவார். அப்படி நேர்ந்தால் குடியரசுத் தலைவர் நிக்சன் நாட்டுக்கு ஆற்ற வேண்டிய உரை, அப்பல்லோ 11 இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

மாற்றுப் பொறி வைக்க எடை இடம்தரவில்லை. எனவே பழுதாவதற்கு எதுவுமே இல்லாத அளவுக்கு எளிமையாகப் பொறியை அமைப்பது என்னும் வழி மேற்கொள்ளப்பட்டது. விசையைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு இல்லை. பொறி திசை திரும்பாது. எரிபொருளை உந்தும் சுழல் எக்கிகள் இல்லை. கலங்களில் அடைக்கப்பட்ட ஈலியம் வளிமத்தின் அழுத்தமே எரிபொருளைத் தள்ளும். எரிபொருளும் ஆக்சிசனேற்றியும் ஒன்றையொன்று தொட்ட கணமே தாமாகப் பற்றிக்கொள்பவை, தீமூட்டியும் வேண்டியதில்லை. திறக்க வேண்டிய அடைப்பிதழ்கள் மட்டும் இரட்டையாக வைக்கப்பட்டன. இவ்வளவு எளிய பொறியிலும் எரிதல் நிலைகுலையும் சிக்கல் தோன்றி, எரிபொருளைத் தெளிக்கும் பகுதியை இறுதிக் காலத்தில் வேறொரு நிறுவனத்திடமிருந்து பெற நேர்ந்தது.

இப்பொறிக்கு மின்னோட்டம் தரும் இணைப்பின் குமிழ் அப்பல்லோ 11 இல் உடைந்துபோயிருந்தது. எட்வின் ஆல்டிரின் ஒரு பேனாவை உள்ளே செலுத்தி அதனை அழுத்தினார். ஆறு முறையும் பொறி எரிந்தது.

சோவியத்தின் எல்கே கலம் இதற்கு வேறு விடை கண்டது. ஒருவரையே ஏற்றும் அக்கலத்தின் நிறை சுமார் 5.5 டன். வேகத்தின் பெரும்பகுதியை வேறொரு ஏவூர்திக் கட்டம் குறைத்துவிட்டு விலகும். கடைசி இறக்கத்துக்கும் மேலெழுவதற்கும் ஒரே பொறி, அதனுடன் ஒரு மாற்றுப் பொறி. மாற்றுப் பொறிக்கான எடையை வேறிடத்தில் மிச்சப்படுத்தியாக வேண்டும்: தாய்க்கலத்துக்கும் இதற்கும் இடையே சுரங்கவழி இல்லை, வீரர் விண்வெளியில் நடந்தே மாற வேண்டும். 1970–71 இல் புவிச் சுற்றுப்பாதைச் சோதனைகளில் எல்கே வெற்றி பெற்றது. அதனைச் சுமக்க வேண்டிய என்1 ஏவூர்தி நான்கு முறையும் தோற்றதால் திட்டம் கைவிடப்பட்டது.

உயிர்காப்பு

ஆக்சிசன், நீர், கரியமில வளிமத்தை நீக்கும் லித்தியம் ஐதராக்சைடு, மின்கலங்கள் ஆகியவை நேரத்தோடு கூடும் சுமைகள். அப்பல்லோ 11 வீரர்கள் 21 மணி நேரத்துக்குச் சற்று மேலாகவும், அப்பல்லோ 17 வீரர்கள் 75 மணி நேரமும் நிலவில் இருந்தனர். 1970 ஏப்பிரலில் அப்பல்லோ 13 இன் தாய்க்கலம் சேதமுற்றபோது, இருவருக்கு இரண்டு நாள் அளவில் கணக்கிடப்பட்ட தரையிறங்கி மூவரை ஏறத்தாழ நான்கு நாட்கள் காத்தது. தாய்க்கலத்தின் சதுர வடிகட்டி தரையிறங்கியின் வட்டத் துளையில் பொருந்தாததால், நெகிழி உறை, ஒட்டுநாடா முதலியவற்றைக் கொண்டு இணைப்புச் செய்ய நேர்ந்தது. விக்ரம் ஒரு நிலவுப் பகல், அதாவது சுமார் 14 புவி நாட்கள் இயங்குமாறு அமைக்கப்பட்டது. நிலவு இரவின் கடுங்குளிரைத் தாங்குமாறு அப்பல்லோ கலமும் அமைக்கப்படவில்லை.

இன்றைய கலங்கள்

நாசா 2021 இல் இசுபேசுஎக்சு நிறுவனத்தின் சுடார்சிப்பையும், 2023 இல் புளூ ஆரிசின் நிறுவனத்தின் கலத்தையும் தேர்ந்தது. சுடார்சிப் ஏறத்தாழ 50 மீட்டர் உயரமானது. வீரர்கள் தரைக்கு வர மின்தூக்கி வேண்டும். நிலவுக்குச் செல்லுமுன் புவிச் சுற்றுப்பாதையில் பலமுறை எரிபொருள் நிரப்ப வேண்டும். கெல்லியின் குழு கிராம் கிராமாகச் செதுக்கிய முறைக்கு இது நேரெதிர். சீனாவின் லான்யுவே இருவரை ஏற்றும் கலம். 2025 ஆகத்தில் அதன் இறங்கு, ஏறு சோதனை புவியில் நடத்தப்பட்டது.

இந்தியாவில் அடுத்த படிகள்

2023 செப்டம்பர் 3 அன்று, பணி முடிந்த விக்ரமின் பொறிகள் மீண்டும் மூட்டப்பட்டன. கலம் சுமார் 40 சென்டிமீட்டர் உயர்ந்து, 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி மீண்டும் இறங்கியது. முழங்கால் அளவு உயரம்தான். எனினும் நிலவில் இறங்கிய இந்தியப் பொறி ஒன்று மீண்டும் எரியும் என்பதற்கு அதுவே முதல் சான்று.

2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற சந்திரயான்-4, நிலவு மண்ணைப் புவிக்குக் கொண்டுவரும் திட்டம். இதில் இறங்கு கட்டமும் ஏறு கட்டமும் தனித்தனியே அமையும். பகுதிகள் இரண்டு எல்விஎம்3 ஏவூர்திகளில் சென்று விண்வெளியில் இணையும். அத்தகைய இணைப்பை இஸ்ரோ 2025 சனவரி 16 அன்று இசுபேடெக்சு திட்டத்தில் முதன்முறை நிகழ்த்தியது. அதே 2024 செப்டம்பரில், தாழ் புவிச் சுற்றுப்பாதைக்கு 30 டன் வரை ஏற்றும் புதிய தலைமுறை ஏவூர்திக்கும் ஒப்புதல் அளிக்கப்பட்டது. சந்திரயான்-3 முழுவதன் நிறையும் 3.9 டன்; அப்பல்லோவின் தரையிறங்கி மட்டுமே 15 டன்.